இரட்டைப்படை மாதங்கள்

கண்ணாடிக்காரர் தன் பழைய வண்டியின் கியர்பாக்ஸைக் கழற்றியது முழுக்க முழுக்க வீம்புக்காக. மூக்குக்கண்ணாடிக்கு எள்ளளவு திருகு மாட்டுகிற கைக்கு மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஞாயிறு காலையில் ஆரம்பித்தார். மாலைக்குள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பல்சக்கரங்களும் வளையங்களுமாக நாற்பத்தேழு உருப்படிகள் செய்தித்தாள் மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. பக்கத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய செப்டம்பர் இதழ் விரிந்து கிடந்தது. படம் போட்டுக் கழற்றச் சொல்லிக்கொடுத்த அந்தப் புண்ணியவான், கடைசிப் பக்கத்தின் அடியில், ‘திரும்ப மாட்டும் முறை அடுத்த இதழில்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். கழற்றுகிற அவசரத்தில் கடைசி வரியை யார் படிக்கிறார்கள்?

அடுத்த இதழ் என்றால் அக்டோபர். அக்டோபர் மச்சானுடையது.

அந்த மோட்டார் சைக்கிள் மாத இதழுக்கு இரண்டு பேரும் கூட்டாகச் சந்தா கட்டியவர்கள். மச்சானின் தங்கையை இவர் கட்டிக்கொள்வதற்கு முன்பிருந்தே அந்தக் கூட்டு. இதழ் கண்ணாடிக் கடைக்கு வரும். ஒற்றைப்படை மாதம் இவருக்கு, இரட்டைப்படை மாதம் மச்சானுக்கு. யாருடைய மாதமோ அவர்தான் உறையைப் பிரித்து உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர் குறுக்கே பேசலாம், தொடக் கூடாது. இரண்டு பேருக்கும் வேறு எதிலும் இத்தனை கறார் கிடையாது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், “நம்ம மாப்ள வண்டிய படிக்கிறவன், ரிப்பேர் பண்றவன் இல்ல” என்று மச்சான் சொல்லிவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் பூராவும் கிரீஸில் கை வைக்கிறவர். எல்லாரும் சிரித்தார்கள், கண்ணாடிக்காரரைத் தவிர. அன்றோடு பேச்சு நின்றது. சந்தா நிற்கவில்லை. இரட்டைப்படை மாத இதழ் வந்தால் உறையைக்கூடத் தொடாமல், “உங்க அண்ணன்கிட்ட சேத்துடு” என்று மனைவியிடம் நீட்டிவிடுவார். போன வருடம் அந்த இதழே நின்றுபோனது. அதோடு அந்தப் போக்குவரத்தும் நின்றது.

கைபேசியில் தேடிப் பார்த்தார். வந்த வீடியோக்கள் எல்லாம் நேற்றுப் பிறந்த வண்டிகளுக்கு. வீட்டில் எல்லாரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். இரண்டாவது ஞாயிறன்று மனைவி வாளியோடு வந்து நின்றாள்.

“நீங்க போய்க் கேக்குறீங்களா, இல்ல நான் எல்லாத்தையும் இதுல அள்ளிப் போடவா?”

அவள் செய்யக்கூடியவள். கண்ணாடிக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கதவைத் திறந்த மச்சான் வழியை விட்டு நகர்ந்தார். தலை நன்றாகவே நரைத்திருந்தது. ஒரு அக்டோபர் இதழ் வேண்டும் என்று இவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். எந்த வருடம் என்று மட்டும் கேட்டுவிட்டு, மச்சான் படுக்கையறை அலமாரியைத் திறந்தார்.

பழைய இதழ்கள் எல்லாம் ஓரம் கிழிந்து, புரட்டிப் புரட்டி நைந்திருந்தன. கடைசி மூன்று வருடத்து இதழ்கள் மட்டும் உறை பிரிக்கப்படாமல் அப்படியே அடுக்கியிருந்தன. கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்தது. ஒன்று விடாமல் அனுப்பி வைத்தோமே, அதைப் பிரிக்கக்கூட இந்த மனுஷனுக்கு மனசு வரவில்லையா? நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடுவது என்று வாயைத் திறந்தார்.

மச்சான் ஒரு உறையை எடுத்து, அதில் அடித்திருந்த மாதத்தைப் பார்க்க முயன்றார். கையை நீட்டிப் பார்த்தார். தலையைப் பின்னால் சாய்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். கடைக்கு வருகிறவர்களில் தினமும் பத்துப் பேரிடமாவது கண்ணாடிக்காரர் பார்க்கிற சமாச்சாரம்தான் அது. கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார்.

“எத்தனை வருஷமா இப்படி?”

“நாலு இருக்கும். வேலைக்கு ஒண்ணும் பாதகமில்ல. போல்ட்ட கைதான பாக்குது.”

“ஊருல கண்ணாடிக் கடைக்கா பஞ்சம்? எங்கயாவது ஒண்ணு வாங்கிப் போட வேண்டியதுதான?”

செய்யக் கூடாத காரியத்தைச் சொல்லிவிட்ட மாதிரி மச்சான் அவரைப் பார்த்தார்.

“மாப்ள கடைய வச்சுக்கிட்டு வேற கடைக்கு எப்படிப் போறது?”

“அப்ப என் கடைக்கே வந்திருக்கலாம்ல?”

“நமக்குத்தான் பேச்சு இல்லையே” என்றார் மச்சான், சர்வ சாதாரணமாக.

கண்ணாடிக்காரருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பாதியில் அது வேறு எதுவோ ஆகிவிட, தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த ஐந்து வருடமும் இந்த ஆளுக்காகத்தான் ஏங்கியிருக்கிறோம் என்று அப்போது தெரிந்தது. கோபித்துக்கொண்ட தன் நாக்கை இழுத்துவைத்து அறுக்கலாம் போலிருந்தது.

“செருப்ப மாட்டு, மச்சான்” என்றார்.

விடுமுறை நாளில் கடையின் ஷட்டரைத் தூக்கி, மச்சானை நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தை மூக்கில் ஏற்றி, பொடி எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு லென்ஸாக மாற்றி மாற்றி, இது தெளிவா, முன்னது தெளிவா என்று கேட்டார். மூன்றாவது லென்ஸிலேயே மச்சான் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்துவிட்டார். கண்ணாடிக்காரருக்கு அது தெரியும். மச்சானுக்கும் தெரியும்.

“சரியாத் தெரியல மாப்ள” என்றார் மச்சான். “இன்னொரு தடவ முதல்லேர்ந்து காட்டு.”

கண்ணாடிக்காரர் முதலிலிருந்து காட்ட ஆரம்பித்தார்.