பாம்ஃபிலோஸின் மகள்

ஊர்க்கூட்டத்துக்குப் போன தெரோன் பொழுது சாயுமுன்னே திரும்பிவிட்டான். மேலாடையைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் உட்கார்ந்தவனைப் பார்த்ததுமே மனைவி ஆர்க்கிப்பேக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பேரை அடிச்சுட்டாங்களா?"

"அடிச்சுட்டாங்க."

ஏதென்ஸில் அந்த வருஷம் ஊருக்கு ஊர் குடிமக்கள் பட்டியலில் இருந்த ஒவ்வொருவன் பெயராக வாசித்து, இவன் நம்மவன்தானா என்று வாக்கெடுத்தார்கள். தாயும் தகப்பனும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடிமகன். தெரோனுக்கு ஆகாத ஸ்திராதோன் எழுந்து கேட்டானாம்: "பாம்ஃபிலோஸ் பொண்ணுதான் உன் அம்மாங்கறே. அவருக்கு ரெண்டு பொண்ணு. ஒண்ணு கட்டினவளுக்கு, ஒண்ணு அடிமைப் பொம்பளைக்கு. இதுல உன் அம்மா எவடா? பேரைச் சொல்லு!"

"சொன்னீங்கதானே?"

"உயிரோட வீட்ல இருக்கிற அம்மா பேரை, அத்தனை ஆம்பளைங்க நடுவுலயா?"

"அய்யோ." உயிரோடிருக்கும் குடும்பப் பெண்ணின் பேரை ஆண்கள் வெளியில் உச்சரிப்பது அவளுக்கே இழுக்கு என்பது அங்கே வழக்கம்.

"வாயடைச்சு நின்னேன். 'பெத்தவ பேரே தெரியல பாரு'ன்னு சிரிச்சாங்க. அவ்வளவுதான்."

தறியில் நின்ற மாமியாரும் சிரித்தாள். "நான் செத்திருந்தா கல்லறைக் கல்லுல பேரைப் பொறிச்சு வெச்சிருப்பே. போறவன் வர்றவன் எல்லாம் படிச்சிருப்பான். நான் இருந்து கெடுத்துட்டேன்."

"சும்மா இருங்க அத்தை."

கட்டின மனைவிக்குப் பிறந்தவள்தான் அத்தை. பத்தாம் நாள் அவளுக்குப் பேர் வைத்த விருந்தில் சாப்பிட்ட கிழவர் இருவர் இன்னும் இருக்கிறார்கள். பேரைக் கேட்டால் ஞாபகம் வரும். பெண்கள் பலருக்கு எல்லாமே ஞாபகம் உண்டு. ஆனால் பெண்கள் சாட்சி சொல்ல முடியாது.

இப்படியே விட்டால் அந்நியனாக வாழலாம். அவர்கள் கல்யாணம் செல்லாது, பிள்ளைக்கு ஊரில்லை. நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றாலோ, தெரோனை அடிமையாக விற்றுவிடுவார்கள்.

"போறேன்," என்றான் தெரோன். "அங்க பேரைச் சொல்லிடறேன்."

"இப்ப சொல்லு, பாப்போம்," என்றாள் அம்மா.

எழுந்து நின்றான். முதல் எழுத்து தாடிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அங்க ஐநூறு பேரு உக்காந்திருப்பாங்கடா. எனக்கே கேக்கல."

அவன் தொண்டையைச் செருமினான். அதற்குள் ஆர்க்கிப்பே ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தினாள், அத்தையின் பெயர் வெளியே யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதே என்று. தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் தன் கை செய்த காரியம் அவளுக்கு உறைத்தது.

திறக்கத்தான் நினைத்தாள். கை போகவில்லை.