ஒரு நாய்க்கு ஓர் உரிமையாளர்

பிராணிகள் மருத்துவமனை டாக்டர் ஊசி போடுவதில் எவ்வளவு மென்மையோ, பேரம் பேசுவதில் அவ்வளவு முரடு. மென்பொருள் எழுத வந்தவன், கணினியில் தகவலை வைக்க மூன்று டேபிள், அதாவது அட்டவணை, வேண்டும் என்றதும், சொத்தைக் காயை ஒதுக்குவதுபோல ஒன்றை ஒதுக்கிவிட்டார். பிராணிகளுக்கு ஒன்று, உரிமையாளர்களுக்கு ஒன்று, எது யாருடையது என்று சொல்ல நடுவில் ஒன்று என்று அவன் விளக்கிப் பார்த்தான்.

“நடுவுல தரகர் எதுக்குப்பா? ஒரு நாய்க்கு ஒரு ஓனர். நாயோட வரியிலேயே ஓனர் நம்பரை எழுதிட்டா முடிஞ்சுது.”

எழுந்து போகப் பார்க்கிற ஆளிடம் எதை விட்டுக்கொடுத்தால் உட்காருவார் என்று அவனுக்குத் தெரியும். நடு டேபிளை விட்டுக்கொடுத்தான்.

பிறகு ஒரு கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். வீட்டையும் காரையும் முணுமுணுப்பில்லாமல் பிரித்துக்கொண்டவர்களுக்குக் கிழட்டு நாயைப் பிரிக்க வழி தெரியவில்லை. வாரக் கடைசியில் அவரிடம், மற்ற நாட்களில் அவளிடம். அவள் மருத்துவமனையில் விட்டுவிட்டுப் போவாள். அவர் சனிக்கிழமை வந்து கூட்டிப்போவார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நாயைப் பற்றிய செய்தியெல்லாம் மருத்துவமனை அனுப்பும் மெசேஜில்தான், அதுவும் அவர் ஃபோனுக்கு மட்டும். எனக்கும் வரட்டும் என்று அவள் கேட்டாள். வரவேற்பறை அக்கா திரையைப் பார்த்தாள். உரிமையாளருக்கு ஒரே கட்டம். அதில் மனைவியின் எண்ணைப் போட்டு, கணவருடையதைக் கீழே ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் பத்திரமாக எழுதிவைத்தாள். இரண்டு பேருக்கும் போகும் என்று நிம்மதியாக நம்பினாள்.

நாயின் சிறுநீரகம் கைவிட்டது. இனி வலிதான், வெள்ளிக்கிழமை காலை ஊசி போட்டு அனுப்பிவைத்துவிடலாம் என்றார் டாக்டர். மெசேஜ் போனது. அன்று மனைவி நாயை மடியில் போட்டுக்கொண்டு, அவர் வரட்டும் என்று ஊசி நேரத்தை ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தாள். அவருக்குத் தகவல் போனதா என்று கேட்டதற்கு அக்கா, “போயிருக்கும்மா” என்றாள். திரையிலும் ‘அனுப்பப்பட்டது’ என்றுதான் இருந்தது.

“அப்ப அவரு மனசு அவ்வளவுதான்” என்று சொல்லி, ஊசியைப் போடலாம் என்று மனைவி டாக்டரிடம் தலையாட்டினாள்.

சந்தேகம் இரவெல்லாம் உறுத்த, அக்கா சனிக்கிழமை காலையில் மென்பொருள்காரனை வரவழைத்தாள். அவன் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

“அக்கா, குறிப்புங்கிறது நீங்க படிக்கத்தான். மெஷின் அதைத் திரும்பிக்கூடப் பாக்காது. நாய்க்கும் உரிமையாளர் டேபிளுக்கும் நடுவுல இருக்கறது இந்த ஒரு கட்டந்தான். அதுல ஒரு ஆள்தான் நிக்கலாம்.” நடு டேபிள் இருந்திருந்தால் ஒரே நாய்க்கு இரண்டு வரி, இரண்டு உரிமையாளர் என்பதை அவன் முணுமுணுப்பாகத்தான் சொன்னான்.

பின்னால் நின்ற டாக்டர், “அந்த நடு டேபிளைப் போட்டுடு” என்றார். என்ன விலை என்று கேட்கவில்லை.

கதவு திறந்தது. வந்து நின்ற கணவர் கையில் கயிறு, கக்கத்தில் நாய்க்குப் புதுப் படுக்கை. “இன்னிக்கு சீக்கிரமாவே வந்துட்டேன். எங்க அவன்?”

டாக்டர் மென்பொருள்காரனைப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்தான். அக்காதான் சொன்னாள், நேற்று காலையில் என்று, தடுக்கித் தடுக்கி.

அவர் ஃபோனை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அவ தனியாவா இருந்தா?”

“வாசலையே பாத்துட்டு இருந்தாங்க சார்.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரோ தடுப்பூசிக்குக் கொண்டுவந்திருந்த நாய்க்குட்டி ஒன்று, அவருடைய கால்சட்டை ஓரத்தை மோந்து, ஒட்டியிருந்த நரைத்த முடிகளை மோந்து, பெஞ்சின் அடியில் போய் எட்டிப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து மோந்து பார்க்கத் தொடங்கியது. அவர் காலை நகர்த்தவில்லை.