இளநீருக்குத் தடையில்லை

ஒன்பதாம் நாள் காலையிலும் தட்டில் அவித்த பூசணிக்காயைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது. பக்கத்தில் ஆறிப்போன இரண்டு முட்டை. முப்பது நாளைக்கு அரிசி, பருப்பு, பால், சர்க்கரை எதுவும் தொடக்கூடாது என்று முடிவெடுத்தவர் என் கணவர் தீபக். பம்ப்செட் பட்டறைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ போட்ட வீடியோவிலிருந்து வந்த ஞானம் அது. இடையில் ஒரு வாய் தவறினாலும் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்க வேண்டுமாம். உடம்பு இளைக்கும் என்று நானும் சேர்ந்துகொண்டேன். உண்மையில், சேராவிட்டால் தினமும் இரண்டு சமையல் செய்யவேண்டும், அதனால்தான்.

என் மாமியார் பாப்பாயி தனக்கு மட்டும் சோறு வடித்து, எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார். "காடு தோட்டம் இருக்கற ஊட்டுல சோறு திங்காம கெடக்கறீங்களே, பாக்கறவீங்க சிரிக்க மாட்டாங்களா?" என்று எட்டு நாளாக ஓயாத அர்ச்சனை.

அன்றைக்கு எழிலின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசம். எழிலும் நானும் சரவணம்பட்டியில் ஒரே அலுவலகத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறோம். அவளுடைய அப்பா சுப்பையன் என் மாமனார் தோட்டத்தில் இருபது வருடம் கூலி வேலை பார்த்தவர். அழைக்க வந்தபோது எழில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ப்ரியா, ஒரு வாயாவது சாப்புட்டுட்டுத்தான் போகோணும். அப்பாவுக்கு அது ஒண்ணுதான் ஆசை" என்று சொல்லியிருந்தாள். நானும் தலையாட்டியிருந்தேன். டயட் அதற்கப்புறம் வந்தது; எழில் வீட்டு வேலைக்காக லீவில் இருந்ததால் அவளுக்குத் தெரியாது.

நாங்கள் கிளம்பும்போது மாமியார் கதவருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "தலையக் காட்டிப்போட்டு வந்துருங்க கண்ணு. சாப்புடச் சொன்னா டயட்டுன்னு சொல்லிப்போடுங்க. நல்லவேளை, சமயத்துக்கு இது ஒண்ணு வாச்சுது."

எட்டு நாள் எங்களைத் திட்டித் தீர்த்த அதே வாய். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தீபக் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார். "நாம என்ன பொய்யாம்மா சொல்றோம்?" பொய்யில்லைதான். அதனால்தான் எனக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது.

எழிலின் வீட்டில் பெயின்ட் வாசனை போகவில்லை. வாசலில் பந்தல், உள்கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. புது வேட்டியில் சுப்பையன் ஓடிவந்தார்.

"வாங்க சின்னவருங்க, வாங்க அம்மணி."

தீபக் பந்தலைத் தாண்டவே இல்லை. "சாப்பாடு வேண்டாம் சுப்பையா. நாங்க ரெண்டு பேரும் டயட்டுல இருக்கறோம். சோறே தொடறதில்ல."

என்ன டயட், எதற்கு டயட் என்று அவர் கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. முகம்கூட மாறவில்லை.

"செரிங்க. எளநி எடுத்து வெச்சிருக்கறனுங்க."

பந்தல் மூலையில் சாக்கை விரித்து ஆறு இளநீர் வைத்திருந்தார், பக்கத்தில் அரிவாள். வந்திருந்த வேறு யார் கையிலும் இளநீர் இல்லை. எங்கள் டயட் அவருக்கு அந்த நிமிடம்தான் தெரியும். இளநீரை அதற்கு முன்பே வாங்கி வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் தோட்டத்துக்காரர்கள் சுப்பையனின் சாதிசனத்து வீடுகளுக்குப் போனால் இளநீர் மட்டும்தான் குடிப்பார்களாம். உள்ளே யார் கையும் பட்டிருக்காதல்லவா. எங்களுக்கும் அதுவே தேவைப்படும் என்று கணக்காக எடுத்து வைத்திருக்கிறார்.

"எளநி டயட்டுல செல்லும்!" என்று தீபக் சந்தோஷமாக வாங்கி அண்ணாந்தார். கழுத்து வரை வழிந்தது. ஒன்பது வருடக் குடித்தனத்தில் அந்த மனுஷனைப் பார்த்து எனக்கு அவ்வளவு குமட்டியதில்லை. என் கையிலும் ஒன்று வந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் பந்தியில் காலியாக இருந்த இலை முன்னால் உட்கார்ந்தேன்.

சாம்பார் வாளியோடு வந்த எழில் நின்றுவிட்டாள். "டயட்டுன்னு அவரு சொன்னாரே?"

"சோறு போடச் சொல்லு."

"அத்தனை நாளும் வீணாயிருமே, ப்ரியா."

"போடச் சொல்லுங்கறேன்."

சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, நெய் விழுந்தது. வாசலிலிருந்து தீபக், "மறுபடி ஒண்ணாம் நாள்லருந்து ஆரம்பிக்கோணும், பாத்துக்க!" என்று கத்தினார். நான் திரும்பவில்லை. பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

நல்ல பருப்பு. சீரகம் மணத்தது. ஆனால் தொண்டை திறக்கவில்லை. ஒன்பது நாள் சோற்றுக்கு ஏங்கிய வயிறு பறந்து வாங்கியிருக்க வேண்டும். மாறாக ஓங்கரித்துக்கொண்டு வந்தது. ஆறு வருடம் கேன்டீனில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் எழில் வீட்டில் சமைத்ததை நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சோற்றுப் பழக்கம் விட்டுப்போனதால் இறங்காமலிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். என் வாயை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

கண்ணைத் திறந்தபோது எழில் அடுத்த இலைக்குப் போயிருக்கவில்லை. வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் தொண்டையையே பார்த்தபடி நின்றிருந்தாள்.