இருந்து பார்க்கிற நெருப்பு

"தள்ளு தம்பி, தண்ணிய ஊத்தப் போறன்."

வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நாகமுத்து அக்காவுக்கும், புகைந்துகொண்டிருந்த பழைய எண்ணெய்ப் பரல் அடுப்புக்கும் நடுவில் கேதீசன் போய் நின்றார்.

"ஊத்தாத அக்கா."

"செத்த ஊட்டில அடுப்பு எரியப்படாதுடா. பொணம் உள்ளுக்க கிடக்கு. சனம் வந்தா என்ன சொல்லும்? அதுவும் இறைச்சி!"

"புதிசா மூட்டினாத்தானே குத்தம்? இது நான் மூட்டல்ல. அவள் மூட்டினது."

ஐம்பத்தெட்டு வயதுத் தம்பி இன்றைக்குத்தான் தன்னை எதிர்த்து வாய் திறக்கிறான் என்பதே அக்காவுக்குப் புதினமாக இருந்திருக்க வேண்டும். வாளியைக் கிணற்றடியில் தொப்பென்று வைத்தார். "உன்ட பொஞ்சாதி, உன்ட பரல். என்னவும் செய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒப்பாரியில் சேர்ந்துகொண்டார்.

மனைவி யசோதினி விடிய நாலரைக்கு எழும்பி நெருப்பு வைத்திருந்தாள். ஐந்தரைக்கு ஆட்டுத் தொடையை உள்ளே வைத்து மூடியிருந்தாள். ஆறரைக்குக் கேதீசன் தேத்தண்ணி கேட்டுக்கொண்டு பின்வளவுக்கு வந்தபோது, பரலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் தலையைச் சாய்த்தபடி இருந்தாள். "நெருப்புக்குக் காவல் இருக்கிற ஆள் நித்திரை கொள்ளலாமா?" என்று பகிடி விட்டார். பதில் வரவில்லை. தோளைத் தொட்டபோதுதான் விளங்கியது. இதய வருத்தத்துக்குக் கிளினிக் போய் வந்தவள் என்பதால் டொக்டர் கொப்பியைப் பார்த்துக் கடிதம் எழுதித் தந்தார். வெளிநாட்டில் இருந்து வர ஆளில்லை. கல்முனையில் இருக்கிற மகள் றஜிதா வந்ததும், பின்னேரம் நாலு மணிக்குப் பிரேதத்தை எடுப்பது என்று முடிவாயிற்று.

எல்லாம் சரி. அந்தத் தொடையை என்ன செய்வது?

விற்பதற்கு, ஓடருக்கு வைத்த இறைச்சி என்றால் கேதீசனே தண்ணீர் ஊற்றியிருப்பார். நேற்றுப் பின்னேரம் அவள் குசினிக்குள் இருந்து தொடைக்கு உப்பும் மிளகும் தேய்த்தாள். இந்த ஞாயிறு ஓடர் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"ஆருக்குப் புள்ள இது?"

"உங்களுக்குத்தான். நாளைக்கு ஒரு துண்டு வாயில வைங்க. பிடிக்காட்டித் துப்புங்க. மறுகா நான் கேக்க மாட்டன்."

"வேணாம் எண்டு எத்தின தரம் சொல்ற? நீயே தின்."

"அம்மாடி, இந்த மனிசன்ட ரோசத்தப் பாருங்க!" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. டீவிக்கு முன்னால் போய் இருந்துவிட்டார். முப்பத்திரண்டு வருசக் கலியாணத்தில் இருவரும் கதைத்த கடைசிக் கதை அதுதான். அதற்குப் பிறகு நன்றாக நித்திரையும் கொண்டார்.

இந்த ரோசத்துக்கு ஐந்து வயது. குவைத்தில் பதினொரு வருசம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள், இரண்டு வருசம் சும்மா இருந்தாள். பிறகு வெல்டிங் கடையில் ஒரு பரலை வெட்டி, கீழே காற்றுக் கதவு, மேலே புகைக்குழாய், மூடியில் சூடு பார்க்கிற மீற்றர் எல்லாம் வைத்துக் கொண்டுவந்தாள். அங்கே முதலாளி வீட்டுப் பின்வளவில் பழகிய வேலையாம். எட்டு மணித்தியாலம் மெதுவாகப் புகையில் வேக வேண்டுமாம். வெள்ளைப் புகை வந்தால் இறைச்சி கசக்குமாம், மெல்லிய நீலப் புகைதான் சரியாம். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்தப் பதினொரு வருசமும் சின்ன மகளை வைத்துக்கொண்டு பூசணிக்காயும் கருவாடும் ஆக்கித் தின்ற மனிசனுக்கு அந்த வெளிச்சம் குத்தியது. "அங்க சந்தோசமா இருந்தியா?" என்று ஒருநாள் கேட்டார். "நெருப்புக்குப் பக்கத்தில இருக்கக்குள்ள, ஓம்" என்றாள். அன்றோடு சரி. ஞாயிறுகளில் வாங்க வருகிறவர்களுக்குப் பார்சல் கட்டிக் கொடுப்பார், விரலில் ஒட்டினதைக்கூட நக்க மாட்டார்.

எட்டரைக்கு மீற்றரைப் பார்த்தார். முள் இருநூற்றிருபத்தைந்தில் நிற்க வேண்டும். அது எந்த நாட்டுக் கணக்கோ, அந்த எண் மட்டும் மனதில் கிடந்தது. இப்போது நூற்றித்தொண்ணூறுக்கு இறங்கியிருந்தது. இரண்டு கரிச் சாக்கில் கைக்கு எட்டினதில் அள்ளி இரண்டு பிடி போட்டார். பத்து நிமிசத்தில் முள் முந்நூறைத் தாண்டி ஓடியது. இவ்வளவு நேரம் அவளுடைய நெருப்பைக் காப்பாற்றிவிட்டு இப்போது தானே கருக்கப் போகிறோமே என்று பரலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அந்த நேரம்தான் காத்தான்குடியில் இருந்து றமீஸா வந்தாள். குவைத்தில் யசோதினியோடு ஒரே வீட்டில் வேலை செய்தவள், முந்தாநாள் ஆட்டுத் தொடையை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவளும் அவள்தான். உள்ளே போய் யசோதினியின் காலடியில் இருந்து அழுதாள். பிறகு கரி வாசம் மூக்கில் பட, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே பின்வளவுக்கு வந்தாள்.

"தேங்காய்ச் சிரட்டைக் கரியப் போட்டீங்களா அண்ணன்?"

"முள் இறங்கிச்சு. அதான்..."

"அது பொல்லாத கோவக்காரன். சட்டெண்டு ஏறும், சட்டெண்டு அடங்கும். மீன் வாட்டத்தான் சரி." குனிந்து காற்றுக் கதவை ஒரு விரல் இடைவெளிக்கு ஒடுக்கினாள். "மூடியத் திறந்திராதீங்க, இருக்கிற பதமும் போயிரும். மற்றச் சாக்குல வாகரையில இருந்து வாற வீரைமரக் கரி இரிக்கும். ரெண்டு துண்ட எடுத்துத் தட்டிப் பாருங்க. கிணிங் எண்டா நல்லம், மொத்தெண்டா ஈரம்."

தட்டினார். கிணிங் என்றது. இந்தச் சத்தத்தை ஐந்து வருசமாக முன் வாசலில் இருந்து கேட்டிருக்கிறார். கூப்பிடுகிறாளாக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்.

மணி பத்தாக முள் பழைய இடத்துக்கு வந்தது. உள்ளே சனம் கூடியது. ஒப்பாரிக்கு நடுவே ஆட்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அது அழுகைக்கா வாசத்துக்கா என்று அவரவர் மனசாட்சிக்குத்தான் தெரியும். றஜிதா வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு குழறி அழுதாள். கேதீசன் அவள் முதுகைத் தடவியபடியே மீற்றரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டார். தனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் புதுப் பிரச்சினை. யசோதினி விடியவே தொடைக்குள் குத்தி, வயரை வெளியே விட்டிருந்த சூட்டு ஊசி நூற்றியறுபதில் வந்து நின்றது, நின்றதுதான். ஒரு மணியாயிற்று. அசையவில்லை.

"நாலு மணிக்கு எடுக்கிறாங்க தங்கச்சி. கரியக் கூட்டுவமா?"

"இந்த இடத்திலதான் எல்லாரும் பிழை விடுற. இறைச்சி வேர்க்குது, அதான் சூடு ஏறல்ல. வேர்த்து முடிஞ்சாத் தன்ட பாட்டில ஏறும். பக்கத்தில இருந்து பாத்துக்கிட்டு இருக்கிறதுதான் இதில வேல."

"அப்ப இருங்க" என்று யசோதினியின் கதிரையைக் காட்டினார். றமீஸா கொஞ்சம் தயங்கி அதில் இருந்தாள். கேதீசன் துணி துவைக்கிற கல்லில் குந்தினார். கேட்கலாமா விடலாமா என்று கனநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அவள் அங்க நல்ல சந்தோசமா இருந்தவள், என்ன? இந்த நெருப்பப் பத்திக் கதைக்கக்குள்ள முகமே வேற."

"சந்தோசமா? ஆரு சொன்ன?" றமீஸா நிமிர்ந்து பார்த்தாள். "விடிய அஞ்சு மணிக்கு நிண்டா ராவு பன்னெண்டு மட்டும் நிண்ட நிலதான். குசினியில ஒரு முக்காலி இல்ல. திங்கிறதும் நிண்டுக்கிட்டுத்தான். அந்த வீட்டு முதலாளி அமெரிக்காவில படிச்சவன், வெள்ளிக்கிழமையில இப்பிடிப் புகையில வேக வச்சுத் திங்கணும். எட்டு மணித்தியாலம் ஆள் காவல் இருக்கணுமே, அதுக்கெண்டு ஒரு கதிரை போட்டான். பதினொரு வருசத்தில யசோவுக்கு இருக்கக் கதிரை குடுத்த வேல அது ஒண்டுதான். வெள்ளிக்கிழமை வந்தா எனக்கு எரியும். யசோ இருக்கிறா, நான் நிக்கிறன் எண்டு." சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள்.

கேதீசன் அந்தக் கதிரையைப் பார்த்தார். ஊருக்கு வந்த நாளில் இருந்து யசோதினியுடைய இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு முறுக்கி நீலமாகப் புடைத்திருந்தது. இரவில் எண்ணெய் பூசித் தடவி விட்டவர் அவர்தான். ஏன் புடைத்தது என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம். ஐந்து வருசம் தான் கோபித்துக்கொண்டது ஒரு கதிரையோடு என்று நினைக்க, அந்தக் கல்லிலேயே தலையை மோத வேண்டும் போல இருந்தது.

இரண்டரைக்கு ஊசி அசைந்தது. மூன்றரைக்கு, உள்ளே பெண்கள் யசோதினியைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திக்கொண்டிருந்தபோது, றமீஸா தொடையை எடுத்து ஈயத்தாளில் சுற்றி, பழைய துவாயால் மூடி, பெட்டி ஒன்றுக்குள் வைத்தாள். நாலு மணிக்கு எடுத்தார்கள். வாவிக் கரையோரத்து மணலில், தோண்டத் தோண்டச் சரிந்துகொண்டே இருந்த குழியில், கேதீசன் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தார்.

கிணற்றடியில் குளித்து இடுப்பில் ஈரச் சாரத்தோடு அவர் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்திருந்தன. முன் பக்கம் கதிரைகளில் ஆட்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பின்வளவில் றமீஸா மட்டும் போகாமல் இருந்தாள்.

"எட்டாம் நாள் படையலுக்கு ஆகும் அண்ணன். பிறிஜ்ஜுக்குள்ள வச்சிட்டுப் போகட்டா?"

"இப்ப வெட்டுங்க."

"உங்கட முறையில இண்டைக்கு மச்சம் மாமிசம்..."

"வெட்டுங்க தங்கச்சி. எனக்கெண்டு வச்சவள்."

வெளியில் கறுத்திருந்த இறைச்சி, உள்ளே கத்தி பட்டதும் எலும்பை விட்டுக் கழன்றது. அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மிளகு முதலில் வந்தது, பிறகு உப்பு, பிறகு புகை. காரம் என்று சொல்லவும் முடியாத, இனிப்பு என்று சொல்லவும் முடியாத ஒரு ருசி நாக்கில் நின்றது. விழுங்க மனம் வராமல் மென்றுகொண்டே இருந்தார். பிறகு விழுங்கிவிட்டு இன்னொரு துண்டு எடுத்தார்.

பின்கதவில் அக்கா. கையில் சோற்றுக் கோப்பை. கண் தம்பியின் வாயில் நின்றது. றமீஸா கத்தியை மெல்லக் கீழே வைத்தாள். கேதீசன் துண்டைக் கையில் வைத்தபடி அக்காவைப் பார்த்தார். மறைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

ஆராவது வருகிறார்களா என்று அக்கா ஒருதரம் முன் பக்கம் எட்டிப் பார்த்தார். சோற்றுக் கோப்பையைத் தம்பிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு பின்கதவை இழுத்துச் சாத்தி, வெளிக் கொளுக்கியைப் போட்டு, அந்தக் கதவில் முதுகு சாய்த்து வாசற்படியில் இருந்துகொண்டார்.