அத்தை எழுதிய நற்சான்றிதழ்

கல்லூரியில் சேருமுன் ஒரு வருஷம் வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டு வருகிறேன் என்று வாண்டு வீட்டில் ஒற்றைக் காலில் நின்றாள். பதினெட்டு வயதாகியும் உயரம் கூடாததால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆறு மாதம் அழுது, அடம்பிடித்து, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அனுமதி வாங்கினாள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விண்ணப்பத்தை அவர்தான் நிரப்புவாராம். 'எப்படிப்பட்ட குடும்பம் வேண்டும்?' என்ற கேள்விக்கு எதிரே, மகளை ஒரு வார்த்தை கேட்காமல், 'எங்கள் மொழி பேசும் கட்டுப்பாடான குடும்பம்' என்று எழுதிவிட்டார். நிறுவனமும் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

ஆக, பதினோரு மணி நேரம் பறந்து வாண்டு வந்து இறங்கிய இடம் இன்னொரு அம்மாவின் வீடு. சொந்த அம்மாவாக இருந்தால் பதிலுக்குக் கத்தவாவது செய்யலாம்.

வீட்டுக்கார அம்மாள் வாசலிலேயே, தன்னை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பாசம் பொங்குகிறது என்று வாண்டு நினைத்தாள். விருந்தாளியிடம் பாத்திரம் தேய்க்கச் சொல்ல முடியாது, அண்ணன் மகளிடம் சொல்லலாம் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. நாலாவது மாடியில் மூன்று அறை. துணி காயப்போடும் கம்பிகளுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு கட்டில். அத்தைக்கு நாலு வயதில் இரட்டைப் பெண்கள், இரண்டும் வானரங்கள். மாமா தங்கமானவர், எதிலும் தலையிடமாட்டார். தலையைப் போனிலிருந்து தூக்கினால்தானே தலையிடுவதற்கு.

மொழி வகுப்பு வாரத்தில் நாலு நாள், மாலை நாலு மணிக்கு. வானரங்கள் பள்ளியிலிருந்து வருவதும் நாலு மணிக்கு. அத்தை ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள், ஆறு மணிக்குத்தான் திரும்புவாள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பாத்துக்கோம்மா" என்பாள். அந்த ஒரு நாள் இரண்டு மாதத்தில் இருபது தடவை வந்துவிட்டது. மூன்றாம் மாதக் கடைசியில் தேர்வு. தேறினால் மீதி ஒன்பது மாதம் அங்கே இருக்கலாம். தேறாவிட்டால் அடுத்த விமானம், அப்புறம் அப்பா சொன்ன கல்லூரி, அப்பா சொன்ன பாடம், 'அப்பவே சொன்னேன்' என்ற பாட்டு ஆயுசுக்கும்.

போனில் அம்மாவிடம் மூக்கால் அழுது பார்த்தாள். கொஞ்சம் அனுசரித்துப் போகக் கூடாதா, நாளைக்குப் போகிற இடத்தில் இதெல்லாம் செய்துதானே ஆகவேண்டும் என்றாள் அம்மா. அதோடு அம்மாவும் அத்தையும் போனிலேயே கூடப் பிறந்தவர்கள்போல ஆகியிருந்தார்கள். நிறுவனத்திடம் வாய் திறந்தால் அன்று மாலையே சேதி வீட்டுக்குப் போய்விடும், மறுநாள் அப்பா டிக்கெட் போட்டுவிடுவார். வாண்டு பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

நிறுவனத்துக்கு ஒரு விதிப் புத்தகம் உண்டு. தங்க வருபவருக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வீட்டு வேலை கொடுக்கக் கூடாது, வகுப்பைத் தடுக்கவே கூடாது. வகுப்பு ஆசிரியை முதல் வாரமே இதை ஒவ்வொருவரையும் உரக்கப் படிக்க வைத்திருந்தாள். அத்தையிடமும் அதே புத்தகம் இருந்தது, உறை பிரிக்காமல்.

இரண்டாம் மாதக் கடைசியில் குடும்பத்துக்கு ஒரு படிவம் வந்தது. 'உங்கள் வீட்டில் தங்கியிருப்பவரைப் பற்றி எழுதுங்கள்' என்று சொல்லிப் பக்கம் முழுக்கக் காலியாக விட்டிருந்தார்கள். ஒரு பெண்ணைப் பற்றி எழுது என்று காலித் தாளைக் கொடுத்தால் நம் ஆட்களுக்குத் தெரிந்தது ஒரே நடைதான், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்கிற நடை. அதோடு சிறந்த குடும்பத்துக்கு வருஷாவருஷம் கேடயம் வேறு கொடுக்கிறார்களாம். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தமிழில் எழுதிப் பார்த்தாள்.

'தினமும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவாள். வீடு முழுக்கப் பெருக்கித் துடைப்பாள். சமையலில் பாதி அவள் கைதான். என் பிள்ளைகள் இருவரையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இந்த இரண்டு மாதத்தில் தனியாக வெளியே சுற்றியதே இல்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள்.'

ஏதாவது விட்டுப்போயிற்றா என்று தாளை வாண்டிடமே நீட்டினாள். படிக்கப் படிக்க வாண்டுக்கு விதிப் புத்தகம் வரிவரியாக நினைவுக்கு வந்தது. நல்ல பெண்ணாக இருந்தால், அத்தை, இதை அனுப்பினால் உங்கள் தலையில்தான் விடியும் என்று சொல்லியிருக்க வேண்டும். வாண்டு நல்ல பெண்தான், ஆனால் அத்தை எழுதியிருந்த அளவுக்கு இல்லை.

"நல்லா இருக்கு அத்தை. துணி தேய்க்கிறதை விட்டுட்டீங்க. வகுப்புக்குப் போகாம வீட்டைப் பாத்துக்கிறதையும்."

அத்தை உருகிப்போனாள். இரண்டையும் சேர்த்து, வகுப்பு விஷயத்துக்கு அடியில் கோடும் போட்டு, அந்த ஊர் மொழியில் மாற்றி எழுதி அனுப்பினாள்.

நாலாம் நாள் நிறுவனத்தின் மேற்பார்வை அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். கேடயம்தான் என்று அத்தை அவசரமாகப் புதுப் புடவைக்கு மாறினாள். வந்தவள் உட்காரவில்லை. படிவத்தை வரிவரியாக வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அத்தை பெருமையாகத் தலையாட்டினாள். வாசித்தவளின் முகம் சிவந்துகொண்டே வந்ததைப் பார்த்து, நெகிழ்ந்துவிட்டாள் என்று மாமாவிடம் கிசுகிசுக்கவும் செய்தாள்.

மேற்பார்வை அம்மாள் வாண்டின் பக்கம் திரும்பி, இதெல்லாம் உண்மையா என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். போய்வந்த பத்துப் பன்னிரண்டு வகுப்பில் கற்ற மொழிக்கு அந்தக் கேள்வி புரிந்தது. இல்லை என்றால் அத்தை பிழைத்துக்கொள்வாள், ஆமாம் என்றால் தான் பிழைத்துக்கொள்ளலாம். ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டவள் அத்தைதான். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுப்பியவளும் அத்தைதான்.

"சொல்லும்மா, வெக்கப்படாத," என்றாள் அத்தை. "நான் எழுதினதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா?"

"இல்ல அத்தை. கொஞ்சம் குறைச்சுத்தான் எழுதியிருக்கீங்க."

பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, அவள் மொழியில், ஆமாம் என்றாள்.

ஒரு மணி நேரத்தில் பெட்டி கட்டியாயிற்று. நல்லதைத்தானே எழுதினேன், நல்லதைத்தானே எழுதினேன் என்று அத்தை மாடிப்படி வரை வந்து அழுதாள். நடிப்பு இல்லை, அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. மாமா தலையைத் தூக்கி, யார் கிளம்புவது என்று விசாரித்தார்.

வாண்டு புகார் சொல்லவில்லை, அத்தைதான் கைப்பட எழுதியிருந்தாள் என்பதால் டிக்கெட் போட அப்பாவுக்குச் சாக்குக் கிடைக்கவில்லை. புது வீடு ஒரு பஸ் டிரைவருடையது. அவருக்கும் அவர் மனைவிக்கும் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. வாண்டு சோறு கேட்பதற்கே அந்த ஊர் மொழியில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தேர்வில் மூன்றே மதிப்பெண் வித்தியாசத்தில் கரையேறினாள்.

அந்தத் தெம்பில் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே அதைத் தமிழில் பெயர்த்து எழுதினாள். அடியில் மேற்பார்வை அம்மாள் சிவப்பு மையில், 'இந்தப் பெண்ணை வேலைக்காரியாக நடத்தியிருக்கிறார்கள். இனி இந்த வீட்டுக்கு யாரையும் அனுப்பக் கூடாது' என்று எழுதியிருந்ததையும் விடவில்லை. மகள் என்ன பாடு பட்டாள் என்பதை இப்போதாவது அம்மா தெரிந்துகொள்ளட்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

பத்து நாள் கழித்து அம்மா கூப்பிட்டாள். குரல் தழுதழுத்தது. வாண்டுக்கும் கண்ணில் நீர் முட்டியது.

"இங்க ஒரு டம்ளரைக்கூட எடுத்து வெச்சதில்லை நீ. அங்க போய் இவ்வளவு நல்ல பேர் எடுத்திருக்கியேடி. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட காட்டலாம்னு அப்பா நாலு நகல் எடுத்து வெச்சிருக்காரு. அந்தச் சிவப்பு மை வரி மட்டும் தெரியாம, அடியில மடிச்சுட்டுதான் எடுத்தாரு."