வெங்காயம் வந்த ஆயத்து

ரமலான் பிறந்துவிட்டால் முல்லா வீதியில் சபூரா பீவி வீட்டு வாசலில் செருப்புகள் குவியும். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் வீதிப் பெண்கள் கூடத்துப் பாயில் நெருக்கியடித்து உட்காருவார்கள். சபூரா குர்ஆனைத் திறந்து ஓதத் தொடங்குவாள். கூட்டத்தில் ஒருத்திக்கும் அரபி தெரியாது. சபூராவுக்கும் தெரியாது. எழுத்துக் கூட்டத் தெரியும், நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டத் தெரியும், எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்று தெரியும். குரல் மட்டும் அல்லாஹ் கொடுத்தது.

முதல் நாள் ஓதலிலேயே ஓர் இடம் வரும். பகரா சூரா என்ற அத்தியாயத்தில், 'ஹா' என்று முடியும் சொற்கள் வரிசையாக வந்து விழும் இடம். ஒவ்வொரு 'ஹா'வும் ஒரு பெருமூச்சு. அங்கே வந்தால் சபூராவின் குரல் தானாக உடைந்துவிடும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நரகத்தில் கிடப்பவர்கள் விடுகிற மூச்சு அது என்று கூட்டத்திலேயே மூத்தவளான குல்சும் பீ எப்போதோ சொல்லியிருந்தாள். யாரும் மறுத்துக் கேட்டதில்லை.

அந்த வருஷம்தான் சபூராவின் புருஷன் சிக்கந்தர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பான்சியோன் என்ற ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். அவர் புறப்பட்டபோது கவர்னர் மாளிகையில் பறந்தது பிரெஞ்சுக் கொடி, திரும்பி வந்தபோது பறந்த கொடி வேறு. ஊரார் அவரைச் சொல்தா சிக்கந்தர் என்றார்கள். சொல்தா என்றால் சிப்பாய். ஆனால் துப்பாக்கியை அவர் தொட்டது கொஞ்சம்தான். அல்ஜீரியாவில் ஒரான் பட்டணத்து முகாமில், சமையல்கட்டுக்குக் காய்கறி வாங்கிப் போட்டதுதான் அவர் செய்த யுத்தம்.

முதல் நோன்பன்று அவர் உள்ளறையில் கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். பசி காதை அடைத்தது. கூடத்தில் சபூரா பெருமூச்சு இடத்துக்கு வந்தாள். குரல் உடைந்தது. பெண்கள் விசும்பினார்கள். உள்ளேயிருந்து சிக்கந்தரின் குரல் கிளம்பியது.

"வெங்காயம்!"

கூடம் உறைந்துபோயிற்று. அந்த நாளில் மேடைக்கு மேடை கறுப்புச் சட்டைக்காரர்கள், சாமியென்றாலும் சாத்திரமென்றாலும் அந்த ஒரே சொல்லால் தள்ளிவிடுவார்கள்.

"அடிப்பாவி, ஒம் புருஷன் கறுப்புச் சட்டையில சேந்துட்டாராடி?" என்று குல்சும் பீ மார்பில் கை வைத்தாள்.

சிக்கந்தர் திரைக்குப் பின்னால் வந்து நின்றார். "ஐயோ, அது இல்லீங்க. அவ இப்ப ஓதுனாளே, பஸல்னு. பஸல்னா வெங்காயம். அதுக்கு முன்னால அதஸ்னு வந்துச்சு. அது பருப்பு. தெனம் மார்க்கெட்டுல நாந்தானே வாங்குனேன்!"

"நோன்புப் பசி. குர்ஆனும் கொழம்பாக் கேக்குது" என்றாள் குல்சும் பீ. சிரிப்பதா, தௌபா செய்து பாவமன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் பெண்கள் கலைந்தார்கள்.

சபூராவுக்கு ஆத்திரமாக வந்தது. "இத்தன வருஷமா நான் பருப்புக்கும் வெங்காயத்துக்குமா அழுதேன்? இன்னொரு தடவ அப்படிச் சொன்னீங்க, விடியக்காலம் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப மாட்டேன்."

ஆனால் சொல் வெளியே போய்விட்டது. மாலை அஸர் தொழுகைக்குள் பள்ளிவாசல் ரெண்டுபட்டது. "ஓதுற எழுத்துக்குப் பத்து நன்மைன்னுதான் சொல்லியிருக்கு. அர்த்தத்துக்கு எவ்வளவுன்னு எவன் கேட்டான்?" என்று தொழுகை நடத்தும் லெப்பை சத்தம் போட்டார். அவரும் அந்த ஆயத்தை, அந்தக் குர்ஆன் வசனத்தை, ஆயிரம் தடவை ஓதியவர்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. இளவட்டங்கள் சிக்கந்தர் பக்கம் சாய்ந்தார்கள். அல்லாஹ்வே பேர் சொல்லிக் குறிப்பிட்ட பண்டம் என்றால் அதில் எவ்வளவு பரக்கத், எவ்வளவு அருள் இருக்கும்! மறுநாள் நோன்புக் கஞ்சியில் அரிசியைத் தேடவேண்டியிருந்தது. முழுக்கப் பருப்பும் வெங்காயமும். அதற்கடுத்த நாள் இன்னும் கெட்டி. பெரிய மார்க்கெட்டில் வெங்காயம் விற்கும் சாமிக்கண்ணு, "என்னா பாய், ஒங்க ஆளுங்க மூட்ட மூட்டயா அள்றாங்க, எதுனா கல்யாணமா?" என்று சிக்கந்தரிடம் கேட்டான். சிக்கந்தர் மீசையைத் தடவிக்கொண்டார். பட்டாளத்தில் கிடைக்காத மெடல் அது.

சபூராவுக்கோ ஓத முடியவில்லை. எந்த வரியை எடுத்தாலும், இதற்குள் என்ன காய் ஒளிந்திருக்கிறதோ என்று நாக்கு தயங்கியது. பெண்கள் அவள் வாயைப் பார்க்காமல் உள்ளறைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் அவள் குர்ஆனை மூடினாள். சிக்கந்தரை இழுத்துக்கொண்டு வண்டி பிடித்துக் கோட்டக்குப்பம் போனாள். அங்கே வேலூரில் அரபியும் மார்க்கமும் ஓதி முடித்து வந்த ஹபீபுல்லா ஆலிம் இருந்தார். மீசை அரும்பி நாளாகாத சின்ன வயசு.

ஆலிம் கேட்டுவிட்டு, "வெங்காயந்தாம்மா" என்றார்.

சிக்கந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கீரை, வெள்ளரி, பூண்டு, பருப்பு, வெங்காயம். அஞ்சும் வருது. மூசா நபியோட கூட்டத்துக்கு வனாந்தரத்துல அல்லாஹ் வானத்துலேருந்து சாப்பாடு எறக்கினான். தெனம் ஒரே சாப்பாடு எங்களால முடியாது, பூமியில வெளையறத அவன்கிட்ட கேட்டுக் குடுங்கன்னு மூசாகிட்ட சொன்னாங்க. ஒசந்ததக் குடுத்துட்டு மட்டமானத வாங்கிக்கிறீங்களான்னு அவங்களக் கண்டிச்ச எடம் இது."

சிக்கந்தரின் முதுகு மெல்ல வளைந்தது. பரக்கத் என்று ஊர் முழுக்கக் கிளப்பிவிட்டது கண்டிப்பு வாங்கிய பண்டத்தை.

திரும்பும் வழியில் சிக்கந்தர், முத்தியால்பேட்டை தாண்டியதும் சொன்னார்: "அந்தக் கூட்டத்தக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல சபூரா. ஒரான்ல எனக்கு வெண்ண, எறச்சி, ரொட்டி எல்லாம் போட்டான். ஒரு நாள் முருங்கக்கா சாம்பார நெனச்சுக்கிட்டு மூட்ட மேல ஒக்காந்து அழுதேன். பட்டாளத்துக் கபித்தேன் வந்து, யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டான்."

அவர் அழுவார் என்பதே சபூராவுக்குப் புதுச் செய்தி. அந்த 'ஹா' வரிசையை மனசுக்குள் ஒரு முறை ஓதிப் பார்த்தாள். மணல்வெளியில் சில பேர் உட்கார்ந்து கீரைக்கும் வெங்காயத்துக்கும் ஏங்கினார்கள். பெருமூச்சு பெருமூச்சாகத்தான் இருந்தது.

பள்ளிவாசலில் அன்றைக்கும் அண்டா நிறைய வெங்காயக் கஞ்சி காத்திருந்தது. சிக்கந்தர் விஷயத்தைச் சொன்னதும், அதைக் குடிக்கலாமா கூடாதா என்று மறுபடி ரெண்டுபட்டார்கள். "அர்த்தம் கேட்டீங்கள்ல, அனுபவிங்க" என்றார் லெப்பை. வாதம் முற்றிய நேரம் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. முதலில் கிண்ணத்தை நீட்டியவரும் லெப்பைதான்.

மறுநாளிலிருந்து பெண்கள் சபூராவை ஒரு வரி தாண்ட விடவில்லை. "இதுல என்னா சொல்லுது?" என்று பிடித்துக்கொண்டார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து ஆலிமை வரவழைத்துத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, சூராவை மறுபடி தலையிலிருந்து எடுத்தார்கள். சபூரா ஓத, அவர் அர்த்தம் சொல்ல, அவர்கள் கேள்வி கேட்க, ஒரு பகல் முழுக்க ஓடி ரெண்டு மூணு ஆயத்துதான் நகரும். குல்சும் பீ கோபித்துக்கொண்டு காஜியார் வீதியில் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ரயில் வேகத்தில் ஓதினார்கள்.

நோன்பின் கடைசி நாள் அவள் திரும்பி வந்தாள். "நாங்க ரெண்டு தடவ முழுக் குர்ஆனையும் ஓதிக் கத்தம் முடிச்சுட்டோம். நீங்க எதுவரைக்கும்டி?"

"மாட்டுக் கதையில நிக்கிறோங்க்கா" என்றாள் சபூரா. வருஷம் தவறாமல் முடித்த குர்ஆன் முதன்முறையாக முடியாமல் நிற்பது அவளுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. பெருநாள் கழித்தாவது முடித்துவிட வேண்டும் என்று எண்ணியபடி விட்ட இடத்திலிருந்து ஓதினாள். ஆலிம் சொன்னார்:

"அதே மூசா நபி கூட்டத்துக்கு, ஒரு மாட்ட அறுங்கன்னு கட்டளை வந்துச்சு. அவங்க சும்மா அறுத்திருக்கலாம். எப்படிப்பட்ட மாடுன்னு கேட்டாங்க. கெழடும் இல்ல, கன்னும் இல்லன்னு பதில் வந்துச்சு. என்ன நெறம்னு கேட்டாங்க. பாக்கிறவங்க மனசு குளிர்ற பளிச்சுனு மஞ்சள்னு வந்துச்சு. கேக்கக் கேக்க அப்படிப்பட்ட மாடு கெடைக்கிறதே கஷ்டமாப் போச்சு."

"கேட்டீங்களாடி!" குல்சும் பீ துள்ளி எழுந்தாள். "கேள்வி கேட்டே கெட்டவங்க கத. ஒங்களுக்குன்னே எறங்கியிருக்கு!"

பெண்கள் தலை குனிந்தார்கள். திரைக்கப்பால் ஆலிம் தொண்டையைச் செருமிக்கொண்டார். குல்சும் பீ செருப்பைத் தேடி வாசல்வரை போனாள். நின்றாள். திரும்பி வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அது சரி, ஆலிம்சா. மஞ்சள்னா, எலுமிச்சம்பழ மஞ்சளா, கெழங்கு மஞ்சளா?"