பிஸ்கட் தின்ற கொசுப்புழு

கொசுப்புழுவுக்குப் பிஸ்கட் பொடி தூவும் மகளை அற்புதம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். பெற்றவளுக்கு ஒரு வாய் காபி கலந்து தந்ததில்லை, புழுவுக்கு விருந்து நடக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் பெயின்ட் அடிக்கிறார்கள், அந்த நெடியில் புழு செத்துப்போகும் என்று பெலிண்டா மொத்தப் பண்ணையையும் கே.கே. நகர் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையத்துச் சேற்றில் அவள் கண்டுபிடித்த பாக்டீரியா கொசுப்புழுவைக் கொல்லுமாம். பாதிக் கிண்ணங்களில் புழுவோடு அந்தப் பாக்டீரியா, மீதியில் புழுவும் வெறும் தண்ணீரும். நாளை ஸ்ரீரங்கத்திலிருந்து பேராசிரியை வந்து பார்த்துச் சரியென்றால் ஆய்வேடு போகும். இல்லையென்றால் இன்னொரு வருடம். பூசைக்குப் போனாலே "பாப்பா இன்னுமா படிக்குது?" என்று கேட்டு மானத்தை வாங்குகிறார்கள்.

மகள் குளிக்கப் போனதும், வேளாங்கண்ணியில் வாங்கிய மந்திரித்த எண்ணெயை எடுத்தாள். ஒரு கிண்ணத்துக்கு விட்டு இன்னொன்றுக்கு விடாமலிருப்பது ஓரவஞ்சனை. எல்லாவற்றிலும் ஒரு சொட்டு விட்டுச் சிலுவை போட்டாள். மனசு லேசானது.

காலையில் பார்த்தால் எல்லாக் கிண்ணத்திலும் புழுக்கள் செத்துக் கிடந்தன.

"ஜெயிச்சிட்டியே பாப்பா."

"வெறும் தண்ணில இருந்ததும் செத்துருச்சும்மா. அது உயிரோட இருந்தாத்தான் இதை பாக்டீரியா கொன்னுச்சுன்னு சொல்ல முடியும்." பெலிண்டா குனிந்து பார்த்தாள். "என்னமோ எண்ணெய் மிதக்குது?"

"மாதா எண்ணெய்தான். ஒரே ஒரு சொட்டு."

"புழு மேல வந்துதாம்மா மூச்சு விடும். எண்ணெய் படிஞ்சா மூச்சடைச்சுப் போயிரும்."

"மாதா எண்ணெய்க்கு அவ்வளவு சக்தி."

"எந்த எண்ணெய்னாலும் அப்படித்தாம்மா."

அந்தப் பதில்தான் அற்புதம்மாளை அதிகம் நோகடித்தது.

பேராசிரியை போனில் இரக்கப்பட்டார். இன்றைக்கே புதுப் புழு பிடித்துத் திரும்பச் செய்தால் இரண்டு நாள் பொறுப்பாராம்.

"புழுவுக்கு எங்க போறது? டெங்கு வந்தப்ப நீதான வீடு வீடாப் போயி தொட்டியெல்லாம் கவுத்துவிட்ட?" என்று பெலிண்டா அழுதேவிட்டாள்.

மகள் அழுததை அற்புதம்மாளால் தாங்க முடியவில்லை. டீ வடிகட்டியும் தூக்குவாளியுமாக எதிர்வீட்டு ஆனந்தவள்ளியின் கேட்டில் போய் நின்றாள். அந்த வீட்டுத் தொட்டியில் புழு நெளிகிறது என்று தெருவே கேட்கச் சண்டை போட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"உங்க வீட்டுல கொஞ்சம் கொசுப்புழு இருக்குங்களா? பாப்பா படிப்புக்கு."

"சுத்தமாத்தான் வச்சிருக்கோம்," என்றாள் ஆனந்தவள்ளி. வடிகட்டியைப் பார்த்தாள். அழுது வீங்கியிருந்த அற்புதம்மாளின் முகத்தையும் பார்த்தாள். கேட்டைத் திறந்தாள். "கொல்லையில ஆட்டுக்கல்லுக் குழியில பாருங்க. வெளில சொல்லிடாதீங்க."

தெருவில் ஒரு பைக் சீறிக்கொண்டு வந்தது. அற்புதம்மாள் ஓரமாக ஒதுங்கி, வாளியை முந்தானையால் மூடி, ஒரு புழுவும் சிந்தாமல் அடிமேல் அடி வைத்து நடந்தாள்.